ஊமைப்படத்தால் ஊமையாகாத மேடை

சிங்கப்பூர்த் திரைப்பட வரலாற்றைச் சொல்ல வருபவர்கள் பெரும்பாலும் ஜாலான் அம்பாஸில்தான் கதையைத் தொடங்குகிறார்கள். 1947இல் அந்தத் தெருவின் 8ஆம் எண் மனையில் ஷா சகோதரர்கள் நிறுவிய மலாய் ஃபிலிம் புரொடக்‌ஷன்ஸ், 1967இல் மூடப்படும்வரை நூற்றைம்பதுக்கும் மேற்பட்ட மலாய்ப் படங்களை எடுத்தது. பி. ரம்லி என்ற பெருங்கலைஞர் உருவானதும் அங்கேதான். முதலாளிகளின் பெயரும் இயக்குநர்களின் பெயரும் இந்தக் கதையில் தவறாமல் இடம்பெறுகின்றன. ஆனால் கேமராவின் முன்னால் முதலில் வந்து நின்ற நடிகர்கள் அதற்கு முந்தின இருபது, முப்பது ஆண்டுகள் எங்கே இருந்தார்கள், யாரிடம் தொழில் கற்றார்கள், எதை வைத்துப் பிழைத்தார்கள் என்பது ஓரிரு வரிகளில் முடிந்துவிடுகிறது. சினிமா வந்தது, நாடகம் படுத்தது, நடிகர்கள் படத்துக்குப் போனார்கள் என்பதே அந்த ஓரிரு வரி. இது பாதி உண்மைதான். ஊமைப்படம் ஓடிய காலம் முழுவதும் சிங்கப்பூர் மேடை நடிகருக்கு வளர்பிறையாகவே இருந்தது. படம் பேசவும் பாடவும் கற்றுக்கொண்ட பிறகுதான் அவருடைய சரக்கு மேடையை விட்டு ஃபிலிம் பெட்டிக்குள் போயிற்று. வரிசையை இப்படித் திருத்தி வைத்துப் பார்த்தால், சிங்கப்பூர் சினிமாவுக்கு முதல் போட்டவர் யார் என்ற கேள்விக்கே வேறு விடை கிடைக்கிறது.

முதலில் ஊமைப்படம் இந்த ஊருக்கு எதைக் கொண்டுவந்தது, எதைக் கொண்டுவரவில்லை என்று பார்க்க வேண்டும். 1902இல் பஸ்ராய் என்ற பார்சிக்காரர் ஹில் ஸ்ட்ரீட்டும் ரிவர் வேலி ரோடும் சந்திக்கும் இடத்தில் கூடாரம் அடித்துப் படம் காட்டினார். அடுத்த பத்துப் பதினைந்து ஆண்டுகளில் பீச் ரோட்டில் அல்ஹம்ப்ரா, மார்ல்பரோ போன்ற நிலையான கொட்டகைகள் எழுந்தன. திரையில் குதிரை பாய்ந்தது, ரயில் ஓடியது, வாள் மின்னியது. பக்கத்தில் வாத்தியக்காரர்கள் உட்கார்ந்து காட்சிக்கேற்ப வாசித்தார்கள். எல்லாம் இருந்தது, மனிதக் குரல் மட்டும் இல்லை. கதையை விளக்கக் காட்சிக்கு நடுவே எழுத்து அட்டைகள் வந்தன. ஹாலிவுட் படங்களில் அவை ஆங்கிலத்தில் இருந்தன. துறைமுகத்தில் மூட்டை சுமந்தவருக்கும், சிராங்கூன் சாலையில் மாட்டுத்தொழுவம் வைத்திருந்தவருக்கும், கம்போங்கிலிருந்து வந்த மலாய்க் குடும்பத்துக்கும் அந்த எழுத்து பெரும்பாலும் பயன்படாத ஒன்று. சாகசத்தைக் கண்ணால் பார்த்துக் களித்தவர்களுக்குப் பாட்டும் வசனமும் வேண்டியிருந்தபோது அவர்கள் வேறோர் இடத்துக்குப் போனார்கள். அந்த இடம்தான் பங்சாவான் எனப்பட்ட மலாய் நாடக மேடை.

பங்சாவானின் பிறப்பில் நம்மவர் பங்கு உண்டு என்பதால் அதைக் கொஞ்சம் நின்று சொல்வது நல்லது. 1870களில் பம்பாயின் பார்சி நாடகக் கம்பெனிகள் கப்பலேறி ரங்கூன், பினாங்கு, சிங்கப்பூர் என்று சுற்றின. வரைந்த திரைகள், மின்னும் உடைகள், ஹார்மோனியம், தபேலா, அடிக்கொரு பாட்டு என்ற அவர்களுடைய வார்ப்பு போன இடமெல்லாம் ஒட்டிக்கொண்டது. அப்படிப் பினாங்குக்கு வந்த ஒரு குழு கலைந்தபோது, அதன் உடைகளையும் தட்டுமுட்டுகளையும் மாமாக் புஷி என்ற செல்வந்தர் வாங்கினார். தம் மருமகன் பாய் காசிமுடன் சேர்ந்து 1885இல் அவர் தொடங்கிய ‘புஷி இந்திரா பங்சாவான்’ குழுவைத்தான் ஆய்வாளர்கள் மலாய் வணிக நாடகத்தின் முதற்குழு என்கிறார்கள். இந்திய முஸ்லிம்களும் மலாய்ப் பெண்களும் மணந்து வளர்ந்த ஜாவிப் பெரனாக்கான் சமூகத்தின் முயற்சி அது. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே சிங்கப்பூரின் நார்த் பிரிட்ஜ் ரோட்டில் தியேட்டர் ராயல் போன்ற நிலையான பங்சாவான் அரங்கம் இருந்தது. மேடையேறிய கதைகளிலும் கலப்புதான்: ‘இந்திர சபா’, ‘குல் பகாவலி’ போன்ற இந்தியக் கதைகள், அலிபாபா, ஹாம்லெட், சீனத்து சாம்பெக் எங்தாய், மலாய் அரசகுலக் கதைகள். ஒரே குழு வாரத்தில் ஆறு இரவு ஆறு கதை போடும். பார்வையாளரும் ஒரே இனத்தவராக இருந்ததில்லை.

ஒரு பங்சாவான் இரவு எப்படி நடந்தது என்று கிட்டே போய்ப் பார்த்தால் அந்த நடிகரின் தொழில் எவ்வளவு கடினமானது என்பது புரியும். முழுதாக எழுதிய வசனப் பிரதி கிடையாது. மாலையில் ‘புரோகிராமர்’ எனப்பட்ட நிகழ்ச்சிப் பொறுப்பாளர் கதையைக் காட்சி காட்சியாகச் சொல்லி, யார் எப்போது நுழைவது, எங்கே என்ன பாட்டு என்று பிரித்துக் கொடுப்பார். வசனத்தை நடிகர் மேடையிலேயே கட்டிக்கொள்ள வேண்டும். நம் ராஜபார்ட்டுக்கு நிகராக அங்கே ‘ஓராங் மூடா’, கதாநாயகிக்கு ‘ஸ்ரீ பங்கோங்’, பூதவேடத்துக்கு ‘ஜின் அஃப்ரித்’, பபூனுக்கு ‘அஹ்லி லாவாக்’ என்று வேடங்கள் வகுக்கப்பட்டிருந்தன. அரண்மனை, காடு, நந்தவனம், தெரு என்று படுதாக்கள் மேலிருந்து இறங்கும். பின்னால் அரண்மனையைக் கலைத்துக் காட்டை அமைக்கும் நேரத்தில், முன்னால் தெருப்படுதாவை இறக்கிவிட்டு அதன் முன் ஒருவர் வந்து பாடுவார், ஆடுவார், சிரிக்க வைப்பார். அந்த இடைநிகழ்ச்சிக்கு ‘எக்ஸ்ட்ரா டர்ன்’ என்று பெயர். வாளேந்திய இளவரசன் அடுத்த ஐந்தாவது நிமிடம் கோட்டும் தொப்பியுமாக வந்து மேல்நாட்டு நடனம் ஆடுவதும் நடக்கும். பாட்டு, வசனம், சண்டை, ஆட்டம், நகைச்சுவை ஆகிய ஐந்தும் கைவந்தவரே நாயகனாக நிற்க முடியும். குரல் போனால் பிழைப்பே போயிற்று.

இந்தத் தொழில் எப்போது உச்சத்துக்குப் போனது என்பதுதான் நம் வாதத்தின் அச்சாணி. சினிமாவால் நாடகம் நலிந்தது என்பது உண்மையானால், ஊமைப்படம் ஊரெங்கும் ஓடிய 1920களில் மேடை தேய்ந்திருக்க வேண்டும். நடந்தது நேர்மாறு. 1923இல் ஓங் பூன் தாட், ஓங் பெங் ஹோக் சகோதரர்கள் ஜாலான் புசாரில் நியூ வேர்ல்டு கேளிக்கைப் பூங்காவைத் திறந்தார்கள். தேக்காவிலிருந்து நடந்தே போகும் தூரம். அதற்குள் பங்சாவான், சீன நாடகம், குத்துச்சண்டை, நடனக்கூடம், திரைப்படம் எல்லாம் ஒரே வேலிக்குள் இருந்தன. 1931இல் கிம் செங் ரோட்டில் கிரேட் வேர்ல்டு, 1937இல் கேலாங்கில் ஹாப்பி வேர்ல்டு என்று மேலும் இரண்டு பூங்காக்கள் வந்தன. ஊமைப்படக் காலத்திலேயே ஜாவாவில் 1925இல் மிஸ் ரிபூத்தை நாயகியாகக் கொண்ட ஓரியன் குழுவும், 1926இல் டார்டனெல்லா குழுவும் தோன்றின. இத்தகைய குழுக்களுக்குச் சிங்கப்பூர் வழக்கமான ஊர். நாடகப் பாடகர்களின் குரலைப் பிடிக்க கிராமபோன் கம்பெனிகள் போட்டி போட்டன. படம் பார்க்க ஒரு கொட்டகையும் நாடகம் பார்க்க ஒரு கொட்டகையும் பக்கத்துப் பக்கத்தில் இருக்க, இரண்டும் நிரம்பின என்பதைத்தான் இந்த ஆண்டுகளின் வரிசை காட்டுகிறது.

காரணம் தெளிவு. திரை கொடுக்க முடியாததை மேடை கொடுத்தது. அதோடு நிற்காமல், திரையில் வந்ததையும் மேடை எடுத்துக்கொண்டது. டக்ளஸ் ஃபேர்பேங்க்ஸின் ஊமைப்படங்கள் ஆசியா முழுவதும் ஓடிக்கொண்டிருந்த நாட்களில், டார்டனெல்லா குழு ‘ஸோரோ’ கதையையும் ‘பாக்தாத் திருடன்’ கதையையும் மேடையேற்றியது. அதன் நாயகர் டான் ஜெங் போக்குக்கு ‘ஜாவாவின் டக்ளஸ் ஃபேர்பேங்க்ஸ்’ என்ற பட்டமே வந்தது. திரையில் ஃபேர்பேங்க்ஸ் வாய் மட்டும் அசைத்தார். மேடையில் டான் ஜெங் போக் வாளும் சுழற்றினார், மலாய் மொழியில் பேசினார், பாடவும் பாடினார். இரண்டையும் பார்த்த ரசிகருக்கு எது நிறைவாக இருந்திருக்கும் என்று ஊகிப்பது கடினமில்லை. ஊமைப்படம் மேடைக்கு எதிரியாக வந்ததாகவே வைத்துக்கொண்டாலும், மேடை அதன் கதையையும் சாகசத்தையும் வாங்கிச் செரித்துவிட்டது.

தமிழ்நாட்டு அனுபவத்தைப் பக்கத்தில் வைத்தால் இந்த வாதம் மேலும் உறுதிப்படுகிறது. சென்னையில் ஊமைப்படம் எடுத்தவர்கள் நாடக மேடையின் பெரிய பாடகர்களைத் தேடிப் போகவில்லை. தேடவேண்டிய தேவையும் இல்லை. புதுக்கோட்டைக்காரரான ராஜா சாண்டோ உடற்பயிற்சி வீரர். பேட்லிங் மணி சண்டைக்காட்சியால் பெயர் வாங்கியவர். கதாநாயகிகளில் விலோசனா என்ற பெயரில் நடித்த மரியன் ஹில்லைப் போல ஆங்கிலோ இந்தியப் பெண்கள் இருந்தார்கள். தமிழ் உச்சரிப்பு எப்படி இருந்தால் என்ன, படம்தான் பேசாதே! அதே நேரத்தில் சங்கரதாஸ் சுவாமிகள் வார்த்துவிட்ட நாடகங்களை வைத்து பாய்ஸ் கம்பெனிகளும் ஸ்பெஷல் நாடகங்களும் ஊர் ஊராக ஓங்கி நின்றன. எஸ்.ஜி. கிட்டப்பாவும் கே.பி. சுந்தராம்பாளும் மேடையில் கொடிகட்டிப் பறந்தது ஊமைப்படக் காலத்தில்தான். படம் பேசத் தொடங்கியதும் எல்லாம் தலைகீழானது. 1934இல் தியாகராஜ பாகவதர் ‘பவளக்கொடி’ மூலம் திரைக்கு வந்தார். அந்தப் படத்தில் ஐம்பது பாடல்கள். 1935இல் ‘நந்தனார்’ படத்துக்காகச் சுந்தராம்பாளுக்கு ஒரு லட்சம் ரூபாய் கொடுத்தார்கள். அந்த லட்சம் யாருக்கோ புதிதாகக் கிடைத்த நடிப்புக்குத் தந்த விலையா? மேடையில் ஆண்டுக்கணக்கில் பழுத்த குரலுக்குத் தந்த விலை.

மேடை, ஊமைப்படம், பேசும் படம் என்ற மூன்றிலும் கால்பதித்த தமிழ் நடிகர்கள் மிகச் சிலர். அவர்களில் முதன்மையானவர் டி.பி. ராஜலட்சுமி. திருவையாற்றில் 1911இல் பிறந்து, சிறுவயதிலேயே நாடகக் கம்பெனியில் சேர்ந்தவர். 1929இல் ‘கோவலன்’ ஊமைப்படத்தில் நடித்தார். 1931 அக்டோபர் 31 அன்று சென்னை கினிமா சென்ட்ரலில் வெளியான ‘காளிதாஸ்’ பேசும் படத்தில் அவரே நாயகி. ஹெச்.எம். ரெட்டி இயக்கி, அர்தேஷிர் இரானி பம்பாயில் தயாரித்த அந்தப் படத்தில் நாயகன் தெலுங்கில் பேச, இவர் தமிழில் பேசினார். மேடையில் பாடிப் பழகிய பாட்டுகளை அப்படியே திரையில் பாடினார். 1936இல் ‘மிஸ் கமலா’ படத்தை இயக்கித் தென்னிந்தியாவின் முதல் பெண் இயக்குநரும் ஆனார். ஆனாலும் ‘சினிமா ராணி’ என்று ஊர் அவரைக் கொண்டாடியது ‘காளிதாஸ்’ வந்த பிறகே. ஊமைப்படம் அவருடைய முகத்தைக் காட்டியது. பேசும் படம்தான் மேடையில் தேர்ந்த முழுக் கலைஞரை வெளியே கொண்டுவந்தது.

சிங்கப்பூரோடு தொடர்புடையவர்களில் ராஜலட்சுமிக்கு நிகராக ஒருவரைச் சொல்ல வேண்டுமானால் பக்தியார் எஃபெண்டியைச் சொல்லலாம். 1930இல் பத்தாவியாவில் டான்ஸ் ஃபிலிம் நிறுவனம் எடுத்த ‘சி ரோண்டா’ என்ற ஊமைப்படத்தில் மோமோ என்ற நடிகையுடன் நடித்தவர் அவர். லீ டெக் ஸ்வீ இயக்கிய அந்தப் படம், சிலாட் சண்டையில் வல்ல ஒரு கொள்ளைக்காரனைப் பற்றி அங்கே வாய்வழி வழங்கிய கதை. ஊமைப்படம் இவரிடம் கேட்டது உடலை மட்டுமே: நிற்கும் நிலை, பாயும் வேகம், கண்ணில் தெரியும் கோபம். 1932இல் ‘ஞாய் டாசிமா’ கதையை அவரே பேசும் படமாக இயக்கினார். இந்தோனேசிய மண்ணின் மைந்தர் ஒருவர் படம் இயக்கியதற்கு அதைத் தொடக்கமாகச் சொல்வார்கள். அதன்பின் அவர் படத்தையே பிடித்துக்கொண்டு தொங்கவில்லை. பொலேரோ நாடகக் குழுவோடு மேடைக்குத் திரும்பினார். போர் முடிந்தபின், இந்திய இயக்குநர் பி.எஸ். ராஜ்ஹன்ஸ் சிங்கப்பூரில் 1947இல் எடுத்த ‘சிங்கப்பூரா டி வக்து மாலாம்’ படத்தில் நடிகை சிபுத் சரவாக்குடன் நடித்தார். ஊமைப்படம், பேசும் படம், மேடை, மறுபடி பேசும் படம் என்ற இந்த வாழ்க்கைப் பாதையை மேடையிலிருந்து திரைக்கு ஏறிய நேர் ஏணியாகப் பார்க்க முடியாது. வேலை எங்கே கிடைத்ததோ அங்கே போக முடிந்ததென்றால், அதற்குக் காரணம் எங்கு போனாலும் உடன் வந்த மேடைப் பயிற்சிதான்.

சிங்கப்பூரிலேயே ஊமைப்படம் எடுக்கப்பட்டதே, அதை எங்கே வைப்பது என்று கேட்கலாம். 1926இல் லியு பெய்ஜின் என்ற இளைஞர் நிறுவனம் தொடங்கி, ‘சின் கே’ என்ற படத்தை எடுத்தார். சீனாவிலிருந்து பிழைக்க வந்த புதியவன் ஒருவன் மலாயாவில் காலூன்றும் கதை. ஷாங்காயிலிருந்து வந்த குவோ சாவ்வென் இயக்க, செங் சாவ்ரென், லு சியாவ்யு முதலானோர் நடித்தார்கள். 1927 மார்ச்சில் விக்டோரியா தியேட்டரில் காட்டப்பட்டபோது தணிக்கையின் கத்தரி அதில் ஆழமாகவே விழுந்திருந்தது. சில மாதங்களிலேயே நிறுவனம் கடையைக் கட்டியது. பிரதியும் இன்று இல்லை. இந்தத் தோல்விக்கு நடிகர்களைக் குறைசொல்வது நியாயமாகாது. தணிக்கையும் பணமுடையும் போதிய காரணங்கள். ஆனால் ஒன்றைக் கவனிக்க வேண்டும். படத்துக்குப் பின்னால் ஊரறிந்த மேடைக் கம்பெனி எதுவும் இல்லை; ரசிகர்கள் ஏற்கெனவே காதலித்த குரல் எதுவும் இல்லை. மேடையில் சேர்ந்த புகழைத் திரைக்கு மாற்றிக்கொள்ளும் வழி ஊமைப்படத்தில் குறுகலாகவே இருந்தது. அதனால் ‘சின் கே’ தனித்து நின்றது. அதற்குப் பின்னால் ஒரு தொழில் வளரவில்லை.

ஏழாண்டு கழித்து நடந்ததை இதோடு ஒப்பிட வேண்டும். பம்பாயின் மோதிலால் கெமிக்கல் கம்பெனி முதல் போட, பி.எஸ். ராஜ்ஹன்ஸ் இயக்கத்தில் ‘லைலா மஜ்னுன்’ சிங்கப்பூரில் படமாகி 1934இல் வெளியானது. மலாயாவின் முதல் மலாய்ப் பேசும் படம் அது. எம். சுகி, ஃபாத்திமா ஜஸ்மான், திஜா, கைருடின், சையது அலி மன்சூர் என்று நடித்தவர்கள் வந்தது பங்சாவான் உலகத்திலிருந்து. கதையும் அங்கிருந்தே வந்தது. லைலா மஜ்னு பார்சி மேடையில் பாடித் தேய்ந்த கதை. மதன் கம்பெனி 1922இல் அதை ஊமைப்படமாகவும் எடுத்திருந்தது. பங்சாவான் மேடையிலும் வழக்கமான கதை. பாலைவனத்தில் காதலியின் பெயரைச் சொல்லிப் புலம்பித் திரியும் ஒருவனின் கதையைப் பாட்டில்லாமல் எப்படிச் சொல்வது? படத்துக்கு ஒலி வந்ததும் சிங்கப்பூரில் முதலில் கைவைத்த கதை இதுவாக இருந்ததில் வியப்பில்லை. இயக்குநருக்கு மலாய் தாய்மொழியன்று. முதலீடு பம்பாய்க் கம்பெனியுடையது. மலாய் வசனத்தை எப்படிச் சொன்னால் ரசிகர் அழுவார், எந்தப் பாட்டுக்கு எழுந்து நிற்பார் என்று தெரிந்திருந்தவர்கள் அந்த நடிகர்கள்தான். சினிமாவுக்கு முதல் போட்டவர் யார் என்று தொடக்கத்தில் கேட்டோம். பணம் பம்பாயுடையது, கதையும் குரலும் ரசிகரின் அன்பும் மேடைக்காரர்களுடையவை.

ஷா சகோதரர்கள் 1930களின் இறுதியில் மலாய்ப் படம் எடுக்க இறங்கியபோதும் இதே கதை தொடர்ந்தது. இயக்கத்துக்கு ஷாங்காய், ஹாங்காங் திரையுலகிலிருந்து ஹௌ யாவ், வான் ஹோய் லிங் இணையரை அழைத்தார்கள். நடிப்புக்கு பங்சாவான் குழுக்களின் கதவைத் தட்டினார்கள். 1940இல் வந்த ‘முத்தியாரா’ முதலிய படங்கள் அப்படி உருவானவை. 1942இல் ஜப்பானியர் நடத்திய சூக் சிங் படுகொலையில் ஹௌ யாவ் உயிரிழந்தார். படத்தொழில் நின்றுபோனது. போர் முடிந்து 1947இல் ஜாலான் அம்பாஸ் திறந்தபோது ராஜ்ஹன்ஸ் மறுபடி வந்தார். அவரைத் தொடர்ந்து எஸ். ராமநாதன், எல். கிருஷ்ணன், பி.என். ராவ், பிறகு பணி மஜூம்தார் என இந்திய இயக்குநர்கள் அணிவகுத்தார்கள். சென்னையிலும் பம்பாயிலும் பார்த்துப் பழகிய கதைப்போக்கையும் பாட்டு வைப்பையும் அவர்கள் கொண்டுவந்தார்கள். அந்த வார்ப்பு மலாய் நடிகர்களுக்கு அந்நியமாகப் படவில்லை. பார்சி மேடை என்ற ஒரே தகப்பனுக்குப் பிறந்த இரண்டு பிள்ளைகள் அறுபது ஆண்டுகள் பிரிந்திருந்து ஸ்டூடியோவில் சந்தித்துக்கொண்டதைப் போன்ற நிலை அது.

இந்த வாதத்துக்கு மூன்று மறுப்புகள் வரக்கூடும். முதல் மறுப்பு: ஜாலான் அம்பாஸின் பெரிய நட்சத்திரங்கள் மேடைக்காரர்கள் அல்லரே? பி. ரம்லி பினாங்கில் பாட்டும் வாத்தியமும் பழகி, ராஜ்ஹன்ஸ் கண்ணில் பட்டு, 1948இல் ‘சிந்தா’ படத்தின் மூலம் வந்தவர். காஸ்மா பூட்டியும் புதுமுகமாக வந்தவரே. இது சரிதான். புதுமுகங்களைத் தேடியது ஸ்டூடியோவின் தொழில் தந்திரம். மேடை நாயகர்களுக்கு அப்போது வயதும் ஏறியிருந்தது. ஆனால் அந்தப் புதுமுகங்களைச் சுற்றி அப்பா, அம்மா, வில்லன், கோமாளி என்று நின்றவர்களில் பலர் மேடையில் வளர்ந்தவர்கள். அதைவிட முக்கியம், ரம்லி ஒருவரே நடித்து, பாடி, இசையமைத்து, சிரிக்கவைத்து, 1955இல் ‘பெனாரெக் பெச்சா’ மூலம் இயக்குநரும் ஆனாரே, எல்லாம் தெரிந்த அப்படியொரு கலைஞனை எதிர்பார்க்க ரசிகருக்குக் கற்றுக்கொடுத்தது எது? ஐந்து கலையும் தெரிந்தவரே நாயகன் என்று இரண்டு தலைமுறைக்கு வகுத்துவைத்த பங்சாவான்தான். ஆள் மேடையிலிருந்து வராவிட்டாலும் அளவுகோல் மேடையிலிருந்து வந்தது.

இரண்டாவது மறுப்பு அழகியல் சார்ந்தது. மேடை நடிப்பு மிகை நடிப்பு. கேமரா கேட்கும் நுட்பத்துக்கு அது தடையாக இருந்தது. அதிலிருந்து விடுபட்ட பிறகே நல்ல படங்கள் வந்தன என்பார்கள். தொடக்ககாலப் படங்களில் கையை வீசி, குரலை உயர்த்தி நடித்தார்கள் என்பதை மறுக்க வேண்டியதில்லை. ஒலிபெருக்கி இல்லாத கொட்டகையின் கடைசி வரிசைக்கும் கேட்க வேண்டும், தெரிய வேண்டும் என்று பழகிய உடல் அது. ஆனால் அந்த மேடை கற்றுத்தந்த இன்னொரு பழக்கத்தை இவர்கள் மறந்துவிடுகிறார்கள். எழுதிய வசனம் இல்லாமல், எதிரில் நிற்பவர் சொல்வதைக் கேட்டு அந்த நொடியே பதில் கட்டும் திறமைதான் அது. அவசர அவசரமாக, குறைந்த செலவில், மலாய் தெரியாத இயக்குநரின் கீழ் படம் எடுத்த ஒரு ஸ்டூடியோ அந்தத் திறமையை நம்பியே நடந்திருக்க முடியும். மிகையைத் திருத்திக்கொள்ளச் சில படங்கள் போதும். சமயோசிதம் வாய்க்க ஆண்டுகள் வேண்டும்.

மூன்றாவது மறுப்பு நம்மிடமிருந்தே வரும். இது மலாய்க் கலை; தமிழர் இதில் உரிமை கொண்டாடுவது பிறர் வீட்டுத் திண்ணையில் பட்டா கேட்பதாகாதா? உரிமை கொண்டாடுவது தவறு என்பதில் ஐயமில்லை. பங்சாவானை வளர்த்தவர்கள் மலாய்க் கலைஞர்கள். அதன் மொழி மலாய். அதில் சீன, ஜாவானிய, அரேபியக் கதைகளும், மணிலா வாத்தியக்காரர்களின் இசையும் கலந்தன. பார்சி மேடை அதன் பல வேர்களில் ஒன்று. ஆனால் உறவு சொல்வது வேறு, உரிமை கொண்டாடுவது வேறு. பினாங்கின் இந்திய முஸ்லிம் வழிவந்தவர் தொடங்கிய குழு, பம்பாய் முதலீட்டில் எடுத்த முதல் பேசும் படம், சென்னைத் தொடர்புள்ள இயக்குநர்கள், தேக்காவிலிருந்து நடந்து போய்ப் பார்த்த நியூ வேர்ல்டு கூட்டம் என்று இந்த உறவு நெடுகிலும் தெரிகிறது. சிங்கப்பூர்த் தமிழரின் கலை வரலாறு என்றால் கோயிலும் இலக்கியச் சங்கமும் பத்திரிகையும் மட்டும் என்று எழுதிப் பழகிவிட்டோம். மாலை வேலை முடிந்து, கையில் சில்லறையோடு பூங்காவுக்குப் போய் வேற்று மொழி நாடகத்தைப் பார்த்துச் சிரித்தவர்களும் அழுதவர்களும் அந்த வரலாற்றுக்குள் வரவேண்டியவர்கள்.

ஸ்டூடியோ மேடைக்காரர்களை விழுங்கிய பிறகு என்ன ஆயிற்று என்பதையும் சொல்லிவிட வேண்டும். 1950களில் பங்சாவான் குழுக்கள் ஒவ்வொன்றாகக் கலைந்தன. நடிகர்கள் மாதச் சம்பளக்காரர்கள் ஆனார்கள். 1954இல் பெர்சாமா என்ற கலைஞர் சங்கம் உருவாகி ரம்லி அதன் தலைவரானார்; 1957இல் ஸ்டூடியோவில் வேலைநிறுத்தமே நடந்தது. மேடையில் கம்பெனி நொடித்தால் வேறு கம்பெனிக்குப் போகலாம். ஸ்டூடியோ இரண்டே இரண்டுதான், ஜாலான் அம்பாஸும் ஈஸ்ட் கோஸ்ட் ரோட்டில் 1953இல் வந்த கேத்தே கெரிஸும். 1967இல் ஜாலான் அம்பாஸ் மூடியபோது திரும்பிப் போக மேடையும் இல்லை. பேசும் படம் நடிகரின் குரலை எடுத்துக்கொண்டபோது அவருக்கிருந்த மாற்றுவழியையும் சேர்த்தே எடுத்துக்கொண்டது என்பதே இந்த வரலாறு சொல்லும் கசப்பான முடிவு. மேடை நடிகருக்கு ஊமைப்படக் காலம் வளர்பிறை என்று சொன்னதற்கு இதுவே கடைசிச் சான்று: திரையும் மேடையும் தனித்தனியே நின்றபோது அவருக்கு இரண்டு வாசல்கள் இருந்தன.

இன்று ‘சின் கே’ படம் இல்லை. பங்சாவான் இரவுகளுக்கு எழுத்துப் பிரதிகள் தொடக்கத்திலேயே இல்லை. எஞ்சியிருப்பவை துண்டுப் பிரசுரங்கள், குழுவாக நின்று எடுத்துக்கொண்ட புகைப்படங்கள், கிராமபோன் தட்டுகள், பழைய செய்தித்தாள் விளம்பரங்கள். இவற்றில் எத்தனையோ இன்னும் வீடுகளில் தகரப் பெட்டிகளுக்குள் கிடக்கலாம். தாத்தாவோ பாட்டியோ நாடகக் குழுவில் பாடினார், வாசித்தார், படுதா வரைந்தார், சீட்டுக் கிழித்தார் என்று பேச்சு உலவும் குடும்பங்கள் அந்தப் பெட்டியைத் திறக்க வேண்டும். படத்தில் நிற்பவர்களின் பெயரையும் ஊரையும், தெரிந்த ஆண்டையும் எழுதிவைக்க வேண்டும். சிங்கப்பூர் தேசிய ஆவணக் காப்பகமும், ஆசியத் திரைப்பட ஆவணக் காப்பகமும், கேம்பல் லேனில் இருக்கும் இந்திய மரபுடைமை நிலையமும் இவற்றைக் கொண்டுபோய்க் காட்டத் தக்க இடங்கள். பணம் போட்டவரின் பெயரும் இயக்கியவரின் பெயரும் பதிவாகிவிட்டன. குரல் கொடுத்தவர்களின் பெயரைப் பதிவது நம் கையில் இருக்கிறது. அதை இனியும் தள்ளிப்போடக் கூடாது.